ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்க ஏடிபி தேவையா? மாணவிக்குச் சரியான பதில் சொல்ல உதவுங்கள்

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். இன்று செய்முறை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தவறு என் பக்கம் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

காலையில் கறிக்கடையில் கால் கிலோ கோழி ஈரல் வாங்கிக்கொண்டு போனேன். சோதனைக் குழாயில் ஒரு சிறு துண்டு ஈரல், மேலே மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஊற்றிய உடனே வெள்ளை நுரை குழாயின் வாய் வரை பொங்கி வந்து விரலில் வழிந்தது. குழாயைத் தொட்டால் சூடு. அணைத்த ஊதுவத்தியின் கங்கை நுரைக்கு அருகில் கொண்டுபோனதும் அது குப்பென்று சுடர்விட்டது. வெளியே வருவது ஆக்சிஜன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாணவி பதிவேட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "ஈரலில் உள்ள கேட்டலேஸ், ஏடிபி தரும் ஆற்றலைக் கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது." கேட்டலேஸ் ஒரு நொதி. ஏடிபி (அடினோசின் ட்ரை பாஸ்பேட்) என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். நான் ஏடிபி என்ற சொல்லைச் சுழித்து அரை மதிப்பெண் குறைத்துவிட்டேன். அவள் விடவில்லை. பெராக்சைடை அழிக்க ஏடிபி உதவுகிறது என்று ஒரு வழிகாட்டி நூலில் படித்ததாகச் சொல்கிறாள். சாயங்காலம் அதை எடுத்து வந்து காட்டினாள். இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் எப்படி உதவுகிறது என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

அரை மதிப்பெண்தானே என்று நினைக்காதீர்கள். அவளுக்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்று மனம் அரிக்கிறது.

வில்லியனூர்_வேதியியல் | செவ்வாய், இரவு 9.48

ஐயா, நீங்கள் சுழித்தது சரி. கேட்டலேஸ் வினைக்கு ஏடிபி தேவையில்லை, ஒரு மூலக்கூறு கூடத் தேவையில்லை.

வீராணம் ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் மேலே நிற்கிறது, வாய்க்கால் கீழே இருக்கிறது. ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் தானாக ஓடும், மோட்டார் போட்டு இறைக்க வேண்டியதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படி மேட்டில் நிற்கும் பொருள்தான். ஒரு மோல் பெராக்சைடு சிதையும்போது சுமார் 98 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. உங்கள் கையில் குழாய் சுட்டதன் காரணம் அதுதான். ஏடிபி ஒரு மோல் நீராற்பகுப்பு அடைந்தால் திட்ட நிலையில் சுமார் 30.5 கிலோஜூல் கட்டற்ற ஆற்றல் கிடைக்கிறது. வெப்பமும் கட்டற்ற ஆற்றலும் ஒரே அளவுகோல் அல்ல என்றாலும், எது ஆற்றலைத் தருகிறது, எது கேட்கிறது என்பது இதிலேயே தெளிவாகிவிடும். ஆற்றலை வெளியே கொட்டும் வினைக்கு எதற்கு ஆற்றல் ஊட்ட வேண்டும்?

அப்படியானால் மருந்துப் புட்டியில் இருக்கும் பெராக்சைடு ஏன் தானாக உடையவில்லை என்று மாணவி கேட்பாள். கேட்க வேண்டும். நடுவில் ஒரு கரை இருக்கிறது. வினையூக்கி இல்லாமல் அதைத் தாண்ட ஒரு மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் வேண்டும். கேட்டலேஸ் அந்தக் கரையைத் தாழ்த்திவிடுகிறது.

எப்படித் தாழ்த்துகிறது என்பது பார்க்க அழகானது. கேட்டலேஸ் நான்கு துணை அலகுகள் சேர்ந்த புரதம். ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. முதலில் வரும் பெராக்சைடு மூலக்கூறு இரும்பிடம் ஓர் ஆக்சிஜனை விட்டுவிட்டு நீராக வெளியேறுகிறது. அடுத்து வரும் மூலக்கூறு தன் இரண்டு ஹைட்ரஜன்களையும் அந்த ஒற்றை ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதை நீராக்குகிறது. ஹைட்ரஜனை இழந்த அதுவே ஆக்சிஜன் வாயுவாகப் போகிறது. இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஜோடிக்குக் காத்திருக்கிறது. ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் பத்து இலட்சக்கணக்கில் இதைச் செய்து முடிக்கிறது. இதில் ஏடிபி எந்தக் கட்டத்திலும் உள்ளே வரவில்லை.

முதுநகர்_ஐஸ்பெட்டி | செவ்வாய், இரவு 10.20

நான் வேதியியல் பேராசிரியர் அல்ல. முதுநகர்த் துறைமுகத்துக்கு அருகில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். ஏடிபி எங்கள் தினசரிப் பிழைப்பு என்பதால் எழுதுகிறேன்.

மீன் செத்த பிறகு தசையில் ஏடிபி புதிதாக உருவாவது நின்றுவிடும், இருப்பது கரைந்துகொண்டே போகும். ஏடிபி தீர்ந்தவுடன் தசை இளக முடியாமல் இறுகிக்கொள்ளும். சங்கரா மீனைத் தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் பலகைபோல் நேராக நிற்கும் அல்லவா, அந்த விறைப்பு இதனால்தான். உடைந்த ஏடிபி படிப்படியாக ஏடிபி, ஏஎம்பி, ஐஎம்பி என்று இறங்கி, பிறகு இனோசின், ஹைப்போசாந்தின் என்று போகும். (இரண்டாவதாக எழுதியது ஏடிபி அல்ல, அடினோசின் டை பாஸ்பேட். தமிழில் எழுத்துப்பெயர்த்தால் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. இனி அதை டை பாஸ்பேட் என்றே எழுதுகிறேன்.) நல்ல மீனின் ருசிக்கு ஐஎம்பி ஒரு காரணம், பழைய மீனின் கசப்புக்கு ஹைப்போசாந்தின் ஒரு காரணம். கடைசி இரண்டும் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுத்தான் புதுமையை அளக்கிறோம். அதற்குக் கே மதிப்பு என்று பெயர்.

ஆசிரியர் ஐயா கவனிக்க வேண்டியது இதுதான். நீங்கள் குழாயில் போட்டது செத்த கோழியின் ஈரல். இரத்த ஓட்டம் நின்ற ஈரலில் ஏடிபி நிமிடக்கணக்கில் சரிந்துவிடும். காலையில் வெட்டி, வகுப்புக்கு வரும்வரை அதில் என்ன மிஞ்சியிருக்கும்? ஆனாலும் நுரை பொங்கியது. ஐஸில் இரண்டு நாள் கிடந்த ஈரலும் பொங்கும், நானே பார்த்திருக்கிறேன். வேகவைத்த ஈரல் மட்டும் சும்மா கிடக்கும், ஏனென்றால் நொதியின் புரதம் கெட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடம் இந்த மூன்று குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாதாட வேண்டிய அவசியமே இராது.

இந்த ஏடிபியை 1929இல் தசையிலிருந்து பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ். ஹார்வர்டில் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து செய்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் தனியாகக் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிய வேண்டும்.

பாகூர்_ஏரிக்கரை | செவ்வாய், இரவு 11.35

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மாணவியின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும் என்று தோன்றுகிறது. புதுச்சேரியில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவி நான். இந்தப் பகுதியைத்தான் மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன்.

கேட்டலேஸ் மட்டும்தான் பெராக்சைடை உடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது முழு விடை. உயிருள்ள செல்லில் அப்படி இல்லை. சோதனைக் குழாயில் ஊற்றும் பெராக்சைடு மிகவும் அடர்த்தியானது. அந்த வெள்ளத்துக்கு ஏற்ற நொதி கேட்டலேஸ். செல்லுக்குள் சாதாரண நேரத்தில் பெராக்சைடின் அளவு அதைவிடப் பல இலட்சம் மடங்கு குறைவு. அந்தத் துளித் துளியான பெராக்சைடில் பெரும்பங்கைப் பிடிப்பவை வேறு புரதங்கள். அவற்றில் முக்கியமானது பெராக்சிரெடாக்சின்.

இதன் வேலை ஒரு கந்தக அணுவை நம்பியிருக்கிறது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் பெராக்சைடிடமிருந்து ஓர் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. பெராக்சைடு நீராகிவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய கந்தகத்தைத் தயோரெடாக்சின் என்ற இன்னொரு புரதம் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. வழக்கமாக இப்படியே சுழலும். பெராக்சைடு மிகுந்துவிட்டால் அதே கந்தகத்தில் இரண்டாவது ஆக்சிஜனும் ஏறிவிடுகிறது. அப்போது அது சல்ஃபினிக் அமில நிலை. தயோரெடாக்சினால் அதைத் தொட முடியாது. நொதி முடங்கிப்போகிறது.

இந்த முடக்கம் நிரந்தரம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2003இல் ஈஸ்ட்டில் சல்ஃபிரெடாக்சின் என்ற சிறிய புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, முடங்கிய கந்தகத்தின் ஆக்சிஜன் மேல் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்த ஆக்சிஜனின் பிடி தளர்கிறது. வேறொரு கந்தகம் வந்து தாக்க, பாஸ்பேட்டோடு ஆக்சிஜனும் கழன்று போகிறது. பெராக்சிரெடாக்சின் மீண்டும் வேலைக்குத் திரும்புகிறது. ஏடிபி செலவாகி டை பாஸ்பேட் மிஞ்சுகிறது. இது மிக நிதானமான நொதி. கேட்டலேஸ் நொடியில் இலட்சங்களை முடிக்கும், இது ஒன்றைச் சீர்செய்யவே நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் இது இல்லாவிட்டால் முடங்கியவை முடங்கியபடியே கிடக்கும்.

ஐயாவின் மதகு உவமையையே எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் தானாக ஓடும், உண்மை. ஷட்டர் துருப்பிடித்து இறுகிக்கொண்டால்? ஆள் வந்து பழுதுபார்க்க வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஏடிபி அந்தக் கூலி.

வில்லியனூர்_வேதியியல் | புதன், காலை 6.15

அம்மா, விளக்கம் நன்று. சல்ஃபிரெடாக்சின் எனக்குப் புதிது, நன்றியோடு படித்தேன். ஆனால் கேள்வித்தாளின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். மாணவி எழுதியது "கேட்டலேஸ், ஏடிபி தரும் ஆற்றலைக் கொண்டு உடைக்கிறது" என்று. கூலி வாங்கியவர் ஷட்டரைப் பழுதுபார்த்தார் என்பதால், தண்ணீரை ஓடவைத்தது கூலி என்று எழுத முடியுமா? இப்படித் தளர்த்திக்கொண்டே போனால் செல்லில் ஏடிபி உதவாத வேலை எதுவுமே இருக்காது. புரதம் எதுவானாலும் ஏடிபி செலவழித்துத்தான் உருவாகிறது. அதற்காக எல்லா விடையிலும் ஏடிபி என்று எழுதினால் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

பாகூர்_ஏரிக்கரை | புதன், காலை 7.40

நியாயமான எதிர்வாதம். அதனால்தான் எல்லா ஏடிபியையும் கணக்கில் சேர்க்காமல், பெராக்சைடை ஒழிக்கும் வேலைக்கென்றே நேராகச் செலவாகும் இடங்களை மட்டும் பார்க்க வேண்டும் என்கிறேன். சல்ஃபிரெடாக்சின் அப்படிப்பட்ட இடம். பெராக்சைடை நீராக்க உதவும் சிறு மூலக்கூறான குளூட்டாத்தயோனை உருவாக்குவது இன்னொன்று. குளூட்டமேட்டையும் சிஸ்டீனையும் இணைக்க ஓர் ஏடிபி, அதோடு கிளைசினைச் சேர்க்க இன்னோர் ஏடிபி. ரைபோசோமின் உதவி இல்லாமல், இரண்டு தனி நொதிகள் இதற்கென்றே இருக்கின்றன.

உங்கள் கேட்டலேஸுக்கே ஒன்று சொல்கிறேன் ஐயா. கேட்டலேஸ், செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற சவ்வு சூழ்ந்த சிறு பைக்குள் இருந்து வேலை செய்கிறது. செல்லின் திரவத்தில் உருவாகும் அதை உள்ளே அழைத்துச் செல்ல ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. சுமையை இறக்கிய பிறகு அந்த ஏற்பி சவ்விலேயே சிக்கிக்கொள்ளும். அதை வெளியே இழுத்து அடுத்த சுமைக்கு அனுப்புவது பெக்ஸ்1, பெக்ஸ்6 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த இயந்திரம். அது ஓடுவது ஏடிபியில். அந்த இயந்திரம் பழுதான குழந்தைகளுக்கு செல்வெகர் நோய்த்தொகுதி வருகிறது. அவர்கள் செல்லில் கேட்டலேஸ் பெராக்சிசோமுக்குள் போகாமல் வெளித் திரவத்திலேயே மிதக்கிறது.

நெல்லித்தோப்பு_செவிலி | புதன், மதியம் 2.30

இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து இப்போதுதான் இழை முழுவதையும் படித்தேன். என் வேலைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு வேண்டுகோள். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரை வருவதைப் பார்த்து, கிருமி சாகிறது என்று வீட்டில் அடிக்கடி ஊற்றுகிறார்கள். அந்த நுரை பெரும்பாலும் உங்கள் இரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸின் வேலை. புண்ணை ஆற்ற வரும் புதிய செல்களையும் பெராக்சைடு கெடுக்கும். சாதாரணக் காயத்துக்குச் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போதும்.

அடுத்தது குழந்தைகள் பற்றி. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒருமுறை மூன்று நாள் குழந்தையை மஞ்சள் காமாலையோடு தூக்கி வந்தார்கள். கண்ணின் வெள்ளை எலுமிச்சம்பழத் தோல்போல இருந்தது. சுற்றியிருந்த பழைய சேலைத் துணியைப் பிரித்தபோது பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பாட்டி பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த சேலை, ஆசையோடு எடுத்துச் சுற்றியிருந்தார். பரிசோதனையில் அந்தக் குழந்தைக்கு ஜி6பிடி நொதிக் குறைபாடு என்று வந்தது. நாப்தலீன் பட்டால் அப்படிப்பட்ட குழந்தைகளின் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவினும் இதே ஆபத்தைத் தரும். எங்கள் குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து தாய்மாரிடம் கூசாமல் சொல்கிறேன்: பிள்ளை பெறப்போகும் வீட்டில் பாச்சை உருண்டை வேண்டாம்.

பாகூர்த் தங்கையிடம் ஒரு கேள்வி. செல்லுக்கு ஏடிபி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவே சிவப்பணுவில் இல்லையே, அங்கே இந்த ஏடிபி கதை எப்படி நடக்கிறது?

பாகூர்_ஏரிக்கரை | புதன், மாலை 6.05

அக்கா, நீங்கள் கேட்டது இந்த இழையின் உயிர்நாடி.

சிவப்பணு தன் ஏடிபியைக் குளுக்கோஸை உடைத்து மட்டுமே சம்பாதிக்கிறது. அதற்குள்ளும் பெராக்சைடு ஓயாமல் உருவாகிறது, ஏனென்றால் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறி இறங்கும்போது சில எலெக்ட்ரான்கள் தவறிப்போகின்றன. அதை அடக்க குளூட்டாத்தயோன் வேண்டும். பயன்பட்ட குளூட்டாத்தயோனைப் புதுப்பிக்க என்ஏடிபிஹெச் வேண்டும் (இது ஏடிபி அல்ல, எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் வேறொரு மூலக்கூறு). என்ஏடிபிஹெச் கிடைப்பது, நீங்கள் சொன்ன ஜி6பிடி நொதி தொடங்கிவைக்கும் பாதையில். அந்தப் பாதைக்குள் நுழைய குளுக்கோஸ் முதலில் ஒரு பாஸ்பேட்டைச் சூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பாஸ்பேட்டைத் தருவது ஏடிபி.

கணக்கும் எளியது. ஓர் ஏடிபி செலவில் ஒரு குளுக்கோஸ் உள்ளே நுழைகிறது. அதிலிருந்து இரண்டு என்ஏடிபிஹெச். ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் குளூட்டாத்தயோனைப் புதுப்பிக்கும், அந்த ஜோடி ஒரு பெராக்சைடை நீராக்கும். ஆக, வாசலில் கொடுத்த ஓர் ஏடிபிக்கு இரண்டு பெராக்சைடு மூலக்கூறுகள் ஒழிகின்றன. மிஞ்சும் சர்க்கரைச் சட்டம் வீணாகாமல் வேறு வழியில் பயன்படும்.

கேட்டலேஸ் இல்லாமல் மனிதர் வாழ முடியுமா என்றும் சிலருக்குத் தோன்றும். 1940களில் ஜப்பானிய காது மூக்கு தொண்டை மருத்துவர் தகஹாரா, ஒரு சிறுமியின் வாயில் அறுவை செய்த இடத்தில் பெராக்சைடு ஊற்றினார். நுரை வரவில்லை, இரத்தம் கறுத்துப்போனது. அவள் இரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை. இந்தக் குறை உள்ளவர்களில் சிலருக்கு ஈறிலும் வாயிலும் புண் வருவது உண்டு. மற்றபடி பலர் இயல்பாக வாழ்கிறார்கள். குளூட்டாத்தயோனும் பெராக்சிரெடாக்சினும் பின்னால் நின்று தாங்குகின்றன.

கிள்ளை_இறால்குட்டை | புதன், இரவு 8.50

பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். குட்டையில் விடியற்காலை ஆக்சிஜன் இறங்கி இறால் மேலே வந்து மிதந்தால் அவசரத்துக்குப் பெராக்சைடு ஊற்றுகிறோம். அது தானாக ஆக்சிஜனாகிறதா, அதற்கும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

வில்லியனூர்_வேதியியல் | புதன், இரவு 9.10

எதுவும் சேர்க்க வேண்டாம் தம்பி. குட்டை நீரில் உள்ள பாசியும் பாக்டீரியாவும் கேட்டலேஸ் வைத்திருக்கின்றன, உடைக்கும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். சுத்தமான பெராக்சைடு 68 கிராம் முழுவதும் உடைந்தால் 32 கிராம் ஆக்சிஜன். வாங்கும் கேனில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கணக்கிடுங்கள். அளவு மிஞ்சினால் இறாலின் செவுளையே அது சுடும். ஊற்றும் அளவை மீன்வளத் துறையினரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள், ஏரேட்டரை நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள்.

பாகூர் அம்மாவுக்கு: சிவப்பணுக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. "உதவுகிறது" என்ற சொல்லை ஏற்கிறேன். "ஆற்றலைக் கொண்டு உடைக்கிறது" என்பதை இன்னும் ஏற்கவில்லை.

பாகூர்_ஏரிக்கரை | புதன், இரவு 9.25

நானும் ஏற்கவில்லை ஐயா. அந்த ஒரு சொல்லில்தான் நாம் இருவரும் நிற்கிறோம்.

கெடிலக்கரை | வெள்ளி, மாலை 5.30

அனைவருக்கும் என் நன்றி. முதுநகர் நண்பர் சொன்னபடி இன்று மூன்று குழாய்கள் வைத்தேன். காலையில் வாங்கிய ஈரல், புதன்கிழமை வாங்கி ஐஸில் வைத்த ஈரல், பத்து நிமிடம் கொதிக்கவைத்த ஈரல். முதல் இரண்டும் பொங்கின. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மூன்றாவதில் ஓரத்தில் இரண்டு குமிழி, அவ்வளவுதான். மீனின் விறைப்பைப் பற்றியும் சொன்னேன். வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

பிறகு அந்த மாணவியைக் கரும்பலகைக்கு அழைத்து, சிவப்பணுவின் கணக்கை அவளையே போடச் சொன்னேன். இரண்டு முறை தடுமாறி மூன்றாவது முறை போட்டுவிட்டாள். பதிவேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு அவளே இப்படி எழுதினாள்: "கேட்டலேஸ் பெராக்சைடை உடைக்க ஏடிபி செலவாவதில்லை. செல்லில் பெராக்சைடை ஒழிக்கும் மற்ற நொதிகளைப் புதுப்பிக்கவும் பழுதுபார்க்கவும் ஏடிபி செலவாகிறது." முழு மதிப்பெண் போட்டேன். வழிகாட்டி நூலில் விளக்கம் இல்லாதது அவள் குற்றம் அல்ல, அதை வகுப்பில் விளக்காதது என் குறை.

போகும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். ஐஸில் இருந்த ஈரலில் ஏடிபி தீர்ந்துவிட்டது, கேட்டலேஸ் மட்டும் ஓடுகிறது. அப்படியானால் அதன் பெராக்சிரெடாக்சின் எல்லாம் முடங்கிக் கிடக்குமா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. பாகூர் சகோதரி சொல்ல முடியுமா?

பாகூர்_ஏரிக்கரை | வெள்ளி, இரவு 10.15

முடங்கிய வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் இருக்கிறது ஐயா. புரதங்களை ஜெல்லில் பிரித்து அந்த எதிர்ப்பொருளைத் தடவினால், முடங்கியவை இருக்கும் இடத்தில் பட்டை தெரியும். வெறும் ஐஸில் வைத்த ஈரலைவிட, பெராக்சைடு ஊற்றிய ஈரலில் பட்டை அடர்த்தியாக வரும் என்று எதிர்பார்ப்பேன், ஏனென்றால் முடங்குவதற்குப் பெராக்சைடு மிகுதியாக வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் செய்ய இயலாது. விடுமுறையில் அவளைப் பெற்றோரோடு புதுச்சேரிக்கு அழைத்து வாருங்கள். என் வழிகாட்டியிடம் அனுமதி கேட்டு வைக்கிறேன். ஜெல் ஓடி முடிய இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் அவளிடம் இன்னும் கேள்விகள் இருக்கும்.